மூன்று நிமிடம் பன்னிரண்டு வினாடி, பின்பக்கமாக

ஜூலை 1, திங்கள்

இன்று காலை இட்லி இல்லை. கேட்டதற்கு, "நாக்கு சுளுக்கிக்கிச்சு" என்றாள் பூங்கோதை. முப்பத்து நான்கு வருஷமாக இவளோடு குடித்தனம் நடத்துகிறேன். கால் சுளுக்கியிருக்கிறது, கழுத்து சுளுக்கியிருக்கிறது. நாக்கு சுளுக்கி இட்லி நின்றுபோனது இதுவே முதல் தடவை.

எல்லாம் மகள் கார்குழலியின் கைங்கரியம். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் நல்ல வேலை. அது போதாதென்று பாட்டு வேறு போடுகிறாள். மே மாதம் திருச்சிக்கு வந்தவள், படுக்கையறை ஜன்னல்களில் கம்பளியைத் தொங்கவிட்டு, அம்மாவை உள்ளே உட்கார்த்தி ஒரு பாட்டைப் பாடவைத்துப் பதிவு செய்துகொண்டு போனாள். பாட்டின் பெயர் 'செவ்வாய்க்கிழமை'. செவ்வாயோ வெறுவாயோ என்பார்கள். அன்று நகம் வெட்டவே யோசிக்கிறோம், இவள் பாட்டுக்கு அந்தப் பெயரை வைக்கிறாள். வகை 'நியூ வேவ் பாப்'. நாற்பது வருஷத்துக்கு முன் லண்டனில் அடித்த அலையாம். அவ்வளவு பழசு எப்படிப் புது அலை ஆகும் என்று கேட்டேன். "அப்பா, ப்ளீஸ்" என்றாள். மெஷின் மேளம் தகரக் கூரையில் கல் விழுகிற மாதிரி விடாமல் அடிக்கிறது. நடுவில் பூங்கோதையின் குரல் மட்டும். அதை விடுவோம்.

இப்போது அதற்கு வீடியோ எடுக்கப்போகிறார்கள். டைரக்டர் ஜெபின் என்று ஒரு நாகர்கோவில் பையன். அவன் யோசனை இது: பூங்கோதை ஒரு தெருவில் பின்பக்கமாக நடந்துகொண்டே பாட்டைக் கடைசியிலிருந்து முதல் வரைக்கும் தலைகீழாகப் பாட வேண்டும். மற்றவர்கள் எல்லாரும் சாதாரணமாக நடப்பார்கள். பிறகு படத்தைத் திருப்பி ஓட்டினால் இவள் மட்டும் நேராக நடந்து நேராகப் பாடுவாள், உலகமே பின்னால் போகும். வெட்டே இல்லாமல் ஒரே ஓட்டம். மூன்று நிமிடம் பன்னிரண்டு வினாடி.

நேராக நடக்கிற உலகத்தில் இதற்கு என்ன அவசியம் என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். மறுபடி ஒரு "அப்பா, ப்ளீஸ்".

ஜூலை 3, புதன்

பாட்டைத் தலைகீழாக ஓட்டிப் பதிவு செய்து குழலி வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறாள். பூங்கோதை அதைக் காதில் மாட்டிக்கொண்டு நாள் முழுக்க உருப்போடுகிறாள். தமிழும் இல்லை, தெலுங்கும் இல்லை. தண்ணீருக்குள்ளிருந்து யாரோ திட்டுவது மாதிரி கேட்கிறது. காலையில் பால்காரர் கேட்டருகே நின்று, "அம்மாவுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லியே சார்?" என்றார்.

"பாட்டு கத்துக்கறாங்க" என்றேன். அவர் முகத்தில் இருந்த பரிதாபம் எனக்கானது.

சாம்பாரில் உப்பு இரண்டு தடவை விழுந்திருந்தது. சொன்னேன். "எஸ்ஸூ, ஆத்னியூ" என்கிற மாதிரி ஏதோ சொல்லிவிட்டு மோரை நகர்த்தினாள்.

ஜூலை 5, வெள்ளி

மொட்டை மாடியில் பின்பக்கமாக நடந்து பழகுகிறாள். இன்று தண்ணீர்த் தொட்டியில் மோதிக்கொண்டாள். முழங்கையில் நல்ல வீக்கம். ஐம்பத்தாறு வயதில் இதெல்லாம் தேவையா என்று கத்தினேன். தேவைதான் என்றாள்.

சரி, வேறு வழியில்லை. நான் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவன். வண்டியைப் பின்னால் தள்ளுவதற்கு ஒரு முறை உண்டு. எஞ்சினில் இருக்கிற டிரைவருக்குக் கடைசிப் பெட்டி தெரியாது. அந்தக் கோடியில் ஓர் ஆள் நின்று கொடி காட்ட வேண்டும். அவன் காட்டினால்தான் சக்கரம் உருளும், அவன் நிறுத்தினால் நின்றாக வேண்டும். பூங்கோதைக்கு முதுகில் கண் இல்லையாதலால் கொடிக்குப் பதில் குரல். நான் அவளுக்குப் பின்னால் நான்கு அடி விலகி நடந்து, "வா, வா, இடப்பக்கம், படி, நில்" என்று சொல்லிக்கொண்டே போனேன். ஒரு மோதல்கூட இல்லை.

"நல்லா சொல்றீங்க" என்றாள். வேலையில் இருந்த முப்பத்தெட்டு வருஷத்தில் ரயில்வே என்னை ஒரு தடவைகூட அப்படிச் சொன்னதில்லை.

ஜூலை 8, திங்கள்

மழை. மாடிக்குப் போகவில்லை. ஹாலில் நடந்து டீப்பாயில் இடித்துக்கொண்டாள். சேதம் டீப்பாய்க்குத்தான்.

ஜூலை 10, புதன்

ஜெபின் வீடியோ காலில் வந்தான். என்னை அங்கிள் என்கிறான், இவளை ஆன்ட்டி என்கிறான். "ஆன்ட்டி, இவ்ளோ நல்ல குரலை வச்சிட்டு ஏன் பாடாம விட்டீங்க?" என்று கேட்டான். வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விடுகிற கேள்வி.

பூங்கோதை சொன்னாள்: "கல்யாணத்துக்கு முன்னாடி இங்க கிதார் பெஞ்சமின் ஆர்கெஸ்ட்ராவுல பாடிட்டு இருந்தேன்பா. தொண்ணூத்தொண்ணுல, கல்யாணமான மறுவருஷம், மெட்ராஸ்லேர்ந்து ஒருத்தர் வந்து வாய்ஸ் டெஸ்ட் எடுத்தாரு. கூப்பிடறோம்னு சொன்னாங்க. கூப்பிடல. நம்ம குரல் அவ்வளவுதான்னு புரிஞ்சுது. அதோட விட்டுட்டேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் எழுந்துபோய்க் கொல்லைக் குழாயில் வாஷர் மாற்றினேன். அது ஒழுகவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

ஜூலை 12, வெள்ளி

தெருவில் நடக்க ஆட்கள் வேண்டுமாம். நம் காலனி நடைப்பயிற்சி நண்பர்கள் சங்கத்தைக் கேட்டால் என்ன என்று பூங்கோதை ஆரம்பித்தாள். செயலாளர் பஞ்சாபகேசனிடம் போனேன். மனுஷர் அரைக்கால் சட்டையிலேயே வாழ்கிறவர். விஷயத்தைப் பாதி சொல்வதற்குள், "ரிவர்ஸ் வீடியோதானே? புரிஞ்சுடுத்து சார். எல்லாத்தையும் எங்கிட்ட விட்டுடுங்கோ" என்றார். இருபத்திரண்டு பேர் வருகிறார்கள்.

இப்படி முழுதாகக் கேட்காமலே புரிந்துவிட்டது என்கிறவர்களிடம் ரயில்வேயில் நான் ஒரு கொடியைக்கூடக் கொடுத்ததில்லை.

ஜூலை 13, சனி

ரயில்வே ஸ்டேஷனில் கன்ட்ரோல் போன் என்பது வண்டிகளின் போக்குவரத்துக்காக மட்டும். அதில் சொந்த விஷயம் பேசக் கூடாது. இப்போதும் அதுதான் விதி, 1991இலும் அதுதான் விதி.

இதை இன்றைக்கு ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. நாளைக்கு ஷூட்டிங். சீக்கிரம் படுக்க வேண்டும்.

ஜூலை 14, ஞாயிறு

சொன்னால் வெட்கக்கேடு.

காலை 6.10க்கு மார்க்கெட் தெருவில் கூடினோம். குழலி சென்னையிலிருந்து பெட்டி பெட்டியாகக் கருவிகளோடு வந்திருந்தாள். பூங்கோதை நாவல்பழக் கலர்ப் புடவையில் நின்றாள். ஸ்பீக்கரில் பாட்டு தலைகீழாக ஓட ஆரம்பித்தது. நான் காமிராவுக்குத் தெரியாமல் குனிந்தபடி அவளுக்குப் பின்னால், "வா, வா" என்று வழி சொல்லிக்கொண்டு போனேன். அவள் உதடும் பிசகவில்லை, காலும் பிசகவில்லை. மூன்று நிமிடம் பன்னிரண்டு வினாடி. ஜெபின் கைதட்டினான்.

பிறகு சின்னத் திரையில் படத்தைத் திருப்பி ஓட்டினார்கள். பூங்கோதை நேராக நடந்தாள். பஞ்சாபகேசனும் நேராக நடந்தார். இருபத்திரண்டு பேரும் நேராகத்தான் நடந்தார்கள். சாதாரண ஞாயிற்றுக்கிழமைத் தெரு மாதிரி இருந்தது.

"யார் சார் உங்கள பின்னால நடக்கச் சொன்னது?" என்று ஜெபின் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"ரிவர்ஸ் வீடியோன்னு சொன்னேளே! ரெண்டு நாளா பார்க்குல ப்ராக்டீஸ் பண்ணிருக்கோம். முட்டிவலிக்குக்கூட நல்லதாம்" என்றார் பஞ்சாபகேசன். அப்படிப் பழகிக்கொண்டு வந்தவர்களுக்கு அந்த அவசரத்தில் முன்னால் நடக்கவே வரவில்லை. இரண்டாவது தடவை பாதிப்பேர் பழக்க தோஷத்தில் திரும்பிக்கொண்டார்கள். மூன்றாவது தடவை எல்லாரும் சரியாக நடந்தார்கள். பூங்கோதைக்கு வரி மறந்துவிட்டது. நான்காவது தடவையும் அதே இடத்தில் நின்றாள். அதற்குள் காய்கறி லாரி வந்து தெருவை அடைத்துக்கொண்டது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பஞ்சாபகேசன் மட்டும் பேசிக்கொண்டே வந்தார்.

ஜூலை 15, திங்கள்

பூங்கோதை ஒதுங்கிக்கொண்டாள். "நான் வரல குழலி. அன்னிக்கே ஒதுக்கின குரல்டி இது. மூஞ்சியையும் காட்டி எதுக்கு மானத்த வாங்கணும்? வேற யாராவது சின்னப் பொண்ண நடக்க வச்சுக்கோ" என்றாள்.

குழலி முதலில் சண்டை போட்டாள். பிறகு அழுதாள். கடைசியில் ஒத்துக்கொண்டாள். சென்னையிலிருந்து ஒரு மாடல் பெண் வந்து வாயசைப்பாள். குரல் மட்டும் பூங்கோதையுடையது. அதுவும் பெயர் போடாவிட்டால் பரவாயில்லை என்கிறாள் இவள். வருகிற ஞாயிறு மறுபடி ஷூட்டிங்.

நல்லதுதான். வீடு பழையபடி அமைதியாக இருக்கும்.

ஜூலை 16, செவ்வாய்

காலையில் இட்லி வந்தது. மல்லிகைப்பூவாக இருந்தது. சட்னியில் உப்பு சரியாக இருந்தது. இரண்டு சாப்பிட்டேன். மூன்றாவது இறங்கவில்லை.

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டில்கூட எழுதாவிட்டால் எங்கேதான் எழுதுவது.

1991 ஏப்ரல். விருத்தாசலம் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்டேஷனில் இருந்தேன். கல்யாணமாகி ஒரு வருஷம். பெஞ்சமினின் மச்சான் திருச்சி கன்ட்ரோலில் வேலை பார்த்தார். செவ்வாய்க்கிழமை பகல் 2.20க்குக் கன்ட்ரோல் போனில் கூப்பிட்டு, பூங்கோதைக்கு ஒரு சேதி என்று சொன்னார். எழுதிக்கொண்டேன். மெட்ராஸில் பாட்டு உறுதியாகிவிட்டது, வியாழக்கிழமை வர வேண்டும் என்று. எழுதிய தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு குவார்ட்டர்ஸுக்குப் போனேன். அவள் வாசலில் வடாம் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். போன் மணி கேட்டதே, எனக்கா என்று கேட்டாள். இல்லை என்றேன்.

சொந்த விஷயம் பேசக் கூடாத போனில் வந்த சேதி, விதிப்படி சேதியே இல்லை என்று அன்றைக்கு நினைத்தேன். வெள்ளிக்கிழமை அந்தத் தாளை அடுப்பில் போட்டேன். பெஞ்சமினுக்கு, அவளுக்கு விருப்பமில்லையாம் என்று சொல்லி அனுப்பினேன். அவர் ரோஷக்காரர், அதற்கப்புறம் இந்தப் பக்கமே திரும்பவில்லை. இரண்டு மூன்று மாதம் ஸ்டேஷன் போன் மணி அடிக்கும்போதெல்லாம் அவள் குவார்ட்டர்ஸ் ஜன்னலுக்கு வந்து நிற்பாள். பிறகு வரவில்லை. குழலி பிறந்தபோது தாலாட்டுக்குக்கூட ரேடியோவைத்தான் போட்டாள். தன் குரலில் பிள்ளை தூங்காது என்றாள்.

என் கையால் ஒரு சிக்னல் தப்பியதில்லை, ஒரு வண்டி தடம் புரண்டதில்லை என்று ரிட்டயர்மென்ட் விழாவில் மாலை போட்டார்கள். எவ்வளவு எரிச்சலாக வருகிறது தெரியுமா? பஞ்சாபகேசன் மேல் இல்லை. அந்த மாடல் பெண் மேலும் இல்லை.

ஜூலை 17, புதன்

சொல்லிவிட்டேன்.

காலை 10.40 இருக்கும். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "மெட்ராஸ்லேர்ந்து அன்னிக்குக் கூப்பிட்டாங்க" என்றேன்.

"யாரு, குழலியா?"

"தொண்ணூத்தொண்ணுல."

கத்தி நின்றது. மிச்சத்தையும் சொன்னேன். விதி என்று ஒரு வார்த்தை வந்தது. அதை அவள் முகத்தைப் பார்த்து முடிக்க முடியவில்லை. திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் பதிலுக்குச் சொல்ல நாலு வார்த்தை யோசித்தும் வைத்திருந்தேன்.

"அந்த வடாம் எல்லாம் சரியாவே காயல" என்றாள். அவ்வளவுதான். பிறகு எல்லா வெண்டைக்காயையும் நறுக்கி முடித்தாள், கழுவி வைத்திருந்த மறுநாளைக்கானதையும் சேர்த்து. மத்தியானம் முழுக்க வெண்டைக்காய்தான்.

ஜூலை 18, வியாழன்

பேசவில்லை.

ஜூலை 19, வெள்ளி

பேசவில்லை. ஆனால் சாயங்காலம் மாடியில் காலடிச் சத்தம் கேட்டது. படி வரைக்கும் போய் நின்றேன். தனியாகப் பின்பக்கமாக நடந்துகொண்டிருந்தாள். தொட்டிப் பக்கம் போகும்போது, "நில்" என்று வாய்வரை வந்தது. அவளாகவே நின்று, கையைப் பின்னால் நீட்டித் தடவிப் பார்த்துத் திரும்பினாள். நான் சத்தமில்லாமல் இறங்கிவிட்டேன்.

ஜூலை 20, சனி

குழலி வந்துவிட்டாள். அந்த மாடல் பெண்ணுக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். "அம்மாவே நடக்கறேன்னு சொல்லிட்டாங்கப்பா! என்னப்பா சொன்னீங்க அவங்ககிட்ட?" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அவளுக்கு விஷயம் தெரியாது. நான் ஏதோ ஊக்கம் கொடுத்துவிட்டதாக நினைத்துச் சந்தோஷப்படுகிறாள். அந்தப் பாராட்டை வாங்கிக்கொள்ளவும் முடியவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை. பூங்கோதையைப் பார்த்தேன். அவள் புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குப் பின்னால அப்பா வேண்டாம். நீ நில்லு" என்று குழலியிடம் சொன்னாள்.

"அப்பாதான்மா நல்லா வழி சொல்றாங்க."

"எனக்கு நீ போதும்."

எனக்கு உடனே கோபம் வந்தது. மொட்டை மாடியில் பத்து நாள் வெயிலில் கத்தினவன் நான். ஆனால் யாரிடம் கோபித்துக்கொள்வது?

ஜூலை 21, ஞாயிறு

6.05க்கு மார்க்கெட் தெரு. லாரிக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்கள். பஞ்சாபகேசன் தன் ஆட்களை வரிசையாக நிற்கவைத்து, "நேரா நடக்கணும். நேரா! மூக்கு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்" என்று விசிலடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு வேலை இல்லாததால் ஜெபின் ஒரு காய்கறிப் பையைக் கொடுத்து, "அங்கிள், நீங்க காமிரா பக்கத்துலேர்ந்து கிளம்பி, ஆன்ட்டியப் பாக்க நடந்துபோய் அவங்களைத் தாண்டிப் போயிடுங்க" என்றான்.

நடந்தேன். இத்தனை நாளும் அவள் முதுகுப் பக்கம் நின்றே பழகியவன். முகத்துக்கு எதிரே இருந்து பார்ப்பது இன்றுதான். அந்த அர்த்தமில்லாத சத்தங்களைப் பாடும்போது அவள் முகம் எப்படி இருந்தது என்று எழுத வரவில்லை. ஆர்கெஸ்ட்ரா மேடையில் நான் முதன்முதலில் பார்த்து, இவளைத்தான் கட்டிக்கொள்வேன் என்று வீட்டில் பிடிவாதம் பிடித்தேனே, அதே முகம். அதை எனக்குப் பிடித்துத்தான் கட்டிக்கொண்டேன். பிறகு வேறு யாரும் பார்த்துவிடக் கூடாது என்று நினைத்தேன் போலிருக்கிறது.

அவளைத் தாண்டும்போது என்னைப் பார்க்கவில்லை. குழலி பின்னாலிருந்து, "வாம்மா, வா, லெஃப்ட்டு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சுமாராகத்தான் சொன்னாள். ஆனால் பூங்கோதை எதிலும் இடிக்கவில்லை.

ஒரே தடவையில் முடிந்தது. பஞ்சாபகேசன் அழுதுவிட்டார்.

ஜூலை 27, சனி

வேளாவேளைக்குச் சாப்பாடு வருகிறது. "தண்ணி", "மருந்து", "கேஸ் வந்திருக்கு" என்பதற்கு மேல் பேச்சு இல்லை. கேட்க வேண்டியதைக் கேட்டுத் தொலைத்தால் தேவலை என்று இருக்கிறது.

ஆகஸ்ட் 2, வெள்ளி

வீடியோ காலை பத்து மணிக்கு யூடியூபில் வந்தது. பூங்கோதை தலை நிமிர்ந்து நேராக நடந்து வருகிறாள். தெருவே அவளுக்கு வழிவிட்டுப் பின்வாங்குகிறது. பஞ்சாபகேசன் சூப்பராகப் பின்னால் போகிறார். ஒரு வழுக்கைத் தலை ஆசாமி காய்கறிப் பையோடு அவளைப் பார்த்தபடியே விலகி விலகிப் போகிறான். நான் நடந்தது என்னவோ அவளை நோக்கித்தான். திரையில் யாருக்கு அது தெரியப்போகிறது? முதலில் அவள் பெயர்: பாடியவர் பூங்கோதை. பெரிய எழுத்து.

மத்தியானத்துக்குள் எங்கெங்கிருந்தோ எழுதியிருந்தார்கள். யார் இந்தக் குரல், இத்தனை நாள் எங்கே இருந்தார் என்று ஒருவர் கேட்டிருந்தார். பூங்கோதை அதை என்னிடம் காட்டவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் செல்லைக் கவிழ்த்து வைத்தாள்.

"அந்தச் சேதி என்ன? வார்த்தை மாறாம சொல்லுங்க."

பதினாறு நாளாக இதற்குத்தான் காத்திருந்தேன். முப்பத்து மூன்று வருஷமாகியும் ஓர் எழுத்து மறக்கவில்லை. "பூங்கோதைக்கு. பாட்டு உறுதி. வியாழன் காலை ஒன்பது மணிக்கு மெட்ராஸில் இருக்கவும். வேறு ஒன்றும் கொண்டுவர வேண்டாம், குரல் போதும். பெஞ்சமின்."

"குரல் போதும்னா சொன்னாரு?"

"ஆமா."

"அப்ப அவங்களுக்குப் பிடிச்சிருக்கு."

"பிடிச்சிருக்கு கோதை."

கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். "நீங்க சேதியக் குடுத்துட்டுப் போக வேண்டாம்னு சொல்லியிருக்கலாம். ஆனா நான் போயிருப்பேன்" என்றாள்.

"தெரியும். அதனாலதான் குடுக்கல."

சொன்ன பிறகுதான் அது எனக்கே கேட்டது. விதி, கன்ட்ரோல் போன் எல்லாம் நான் பிற்பாடு தேடிச் சேர்த்துக்கொண்டவை. அவளும் அதைக் கேட்டாள். என்னை நேராகப் பார்த்தாள், இரண்டு வாரத்தில் முதல் தடவையாக. அந்தப் பார்வையில் மன்னிப்பு இருந்தது என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. இல்லை.

"இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னேன். மறுபடி சொல்லச் சொன்னாள். மறுபடி சொன்னேன். மூன்றாவது தடவை 'குரல் போதும்' வந்ததும் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, புடவைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். பிறகு செல்லை எடுத்துக் குழலியைக் கூப்பிட்டாள்.

"அடுத்த பாட்டு எப்ப? நீ இங்க வர வேண்டாம், நானே மெட்ராஸ் வந்து பாடறேன். ஆமா, தனியாத்தான். என்னிக்கு, எத்தனை மணிக்குங்கறத அப்பாகிட்ட சொல்லாத. எங்கிட்டயே சொல்லு."